பதினொரு சிவப்புப் புள்ளிகள்

வியாழக்கிழமை காலை இசக்கிமுத்துவின் ஜாமீன் விசாரணை. புதன்கிழமை சாயங்காலம் அவனுடைய அறிக்கையில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான். வழக்கில் சிக்கிய பையன்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்தில் பதினெட்டு வருடம் கவுன்சிலராக இருந்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

மனதை அமைதிப்படுத்தும் ஆப் என்று பத்து டேப்லெட்டும் பத்து ஹெட்போனும் வந்து இறங்கின. தினமும் பதினைந்து நிமிடம் கண்ணை மூடி, அதில் வரும் குரல் சொல்கிறபடி மூச்சைக் கவனிக்க வேண்டும். முடித்தால் பச்சைப் புள்ளி, இல்லையென்றால் சிவப்பு. ஆப் மேல் எனக்குக் குறையில்லை. அதைக் கேட்டு நன்றாகத் தூங்கிய பையன்கள் உண்டு. அந்தப் புள்ளிகளை ஜாமீன் அறிக்கையோடு இணைக்கச் சொன்னாரே எங்கள் சூப்பிரண்டு, அந்தப் புத்திசாலித்தனத்தைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

இசக்கிமுத்து முக்கூடல் பையன், வயது பதினேழு. கோயில் கொடை விழாவில் நடந்த அடிதடியில் பிடிபட்டவன். ஐடிஐயில் ஃபிட்டர் சீட் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் நேரில் போய்ச் சேர வேண்டும்.

இளைஞர் நீதிக் குழுமத்தில் மாஜிஸ்திரேட் என் அறிக்கையைப் புரட்டினார். "பதினோரு நாளும் சிவப்பா? கால் மணி நேரம் உக்கார முடியாதவன் வெளிய போய் என்ன செய்வான்?" விசாரணையைத் தள்ளி வைத்துவிட்டார். பீடிக் கடையிலிருந்து லீவு போட்டு வந்திருந்த அவன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஃபைலைப் பார்த்தேன்.

திரும்பும்போது வேனில் அவன் மேல் எரிந்து விழுந்தேன். "ஏலே, கண்ண மூடி உக்காருததுல ஒனக்கு என்ன கேடு?"

"காதுல அத மாட்டிக்கிட்டு கண்ணையும் மூடுனா, பின்னால யாரு வாரான்னு தெரியாதுல்லா மேடம். எங்கப்பா பின்னால இருந்துதான் அடிப்பாரு."

"மத்தவனுவ செய்யுதானுவளே?"

"பாதிப் பேருக்கு வார்டர் அண்ணாச்சிதான் மாட்டிக்கிட்டு உக்காருதாரு. எனக்கும் போட்டுத்தாரேன்னாரு. செய்யாதத செஞ்சேன்னு எப்படி மேடம் சொல்ல?"

வார்டரிடம் கேட்டேன். அவர் மறைக்கக்கூட இல்லை. "செவப்பு விழுந்தா சூப்பிரண்டு என்னையத்தான் ஏசுதாரு. நான் என்ன செய்ய? ஆனா ஒண்ணு மேடம், எனக்கு பிரஷர் நல்லா கொறஞ்சிருக்கு."

சூப்பிரண்டிடம் போனேன். "ரிப்போர்ட் போயிட்டுல்லா, விடுங்க மேடம்" என்றார். விடவில்லை. என் அறிக்கை தவறு என்று அன்றைக்கே குழுமத்துக்கு எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை ஜாமீன் கிடைத்தது.

அதற்கு முன், வெள்ளிக்கிழமை, நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, ஹெட்போன் இல்லாமல் டேப்லெட்டின் ஸ்பீக்கரிலேயே குரலை ஓடவிட்டு, கண்ணைத் திறந்தபடியே அவனை உட்கார வைத்தேன். பதினைந்து நிமிடம் அசையாமல் இருந்தான். பச்சைப் புள்ளி விழுந்தது. அன்று ஐந்து மணிக்கு அவனுடைய ஃபிட்டர் சீட் வேறொருவனுக்குப் போய்விட்டது.

யாரைப் பற்றி எழுதுகிறீர்களோ அவனிடம் முதலில் கேளுங்கள். ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு வேனில் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஐந்து நிமிடம் புதன்கிழமையும் என்னிடம் இருந்தது.