அப்பாவின் மிஷினும் என் சைக்கிளும்

கம்பெனியில் எந்த மோட்டாரைத் தொட்டாலும் முதலில் அதன்மேல் ஒட்டியிருக்கும் பிளேட்டைப் படிப்பேன். எத்தனை வாட் என்று பார்க்காமல் கை வைக்கும் டிரெய்னிகளைக் கன்னாபின்னாவென்று திட்டியிருக்கிறேன். போச்சம்பள்ளியில் பதினோரு வருடமாக நான் மெயின்டனன்ஸ் ஃபிட்டர்.

அப்பா கிரானைட் பாலிஷ் போட்டவர். கல் தூசி நுரையீரலைத் தின்றுவிட்டது. கரண்டில் ஓடும் ஆக்ஸிஜன் மிஷின்தான் இப்போது அவருக்கு மூச்சு.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று, பழைய சைக்கிளின் பின்சக்கரத்தில் கார் டைனமோவைப் பூட்டி, பேட்டரியும் இன்வெர்ட்டரும் இணைத்தேன். மிதித்தால் மூன்று பல்பு எரிந்தது, டேபிள் ஃபேன் சுற்றியது. லைன் வீட்டுக்காரர்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. வாடகைக்கு வைத்திருந்த ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மனைவி வேண்டாம் என்றாள்.

"உனக்கு என்னா தெரியும்?" என்றேன்.

அந்த மாத மின்வாரிய ஷட் டவுன் அன்று காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. பேட்டரியில் மிஷின் ஓடியது, நான் மிதித்தேன். அரை மணி நேரத்தில் இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கியது. வெறி பிடித்தவன்போல் மிதித்தேன். மிஷின் நின்றுவிட்டது. மனைவி ஆட்டோ பிடிக்க ஓடினாள். அப்பாவின் உதடு நீலம் பாரித்தது. எனக்கும் பேச்சு வரவில்லை, அவ்வளவு இரைப்பு.

"எறங்கு சாமி," என்றார் அப்பா, விட்டு விட்டு. "ரெண்டு பேரும்... மூச்சு வாங்குனா... யாருக்கு ஆவும்?"

இறங்கி மிஷினைத் திருப்பினேன். பின்னால் பிளேட் இருந்தது. முந்நூற்றைம்பது வாட். என் காலில் நூறு வந்தாலே அதிகம். அப்பாவின் மூச்சு அது, அதற்குள்ளும் ஒரு மோட்டார் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவேயில்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆட்டோவில் காவேரிப்பட்டினம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டார். சிலிண்டர் திரும்ப வந்தது. ஆனால் டாக்டர் மாதாமாதம் ஆக்ஸிஜன் அளவைக் கூட்டுகிறார். முன்பு சாயங்காலம்வரை வந்த சிலிண்டர், போன ஷட் டவுனில் கரண்ட் வருவதற்குள் தீரப் பார்த்தது.

சைக்கிளை எடைக்குப் போட எடுத்தேன். அப்பா விடவில்லை.

"இருக்கட்டும் சாமி. சிலிண்டரு தீந்துட்டா?"

அது மிஷினை ஓட்டாது என்று அவருக்கும் தெரியும். நாளை ஒன்பது மணிக்கு ஷட் டவுன் என்று மெசேஜ் வந்திருக்கிறது. அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் செயினுக்கு எண்ணெய் விடுகிறேன்.