மணி அடித்தால் கடற்கரைக்கு

எனக்குக் கையைவிட வாய் முந்திக்கொள்ளும். வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லியே கேலி செய்வார்கள். அந்த ஆடி மாதச் சாயங்காலத்துக்குப் பிறகு யாரும் கேலி செய்வதில்லை.

தம்பிக்கு ஊருக்கு மேற்கே ஒரு தேங்காய்ச் சிரட்டைக்கரி யார்டில் சூப்பர்வைசர் வேலை. கப்பலேறும் கரியை நாள்கணக்கில் பரப்பிப் போட்டு ஆறவிட வேண்டும். மூட்டைக்குள் கையை விட்டுச் சூடு பார்த்த பிறகுதான் கண்டெய்னரில் ஏற்றுவார்கள். உள்ளே சூடு தங்கினால் கரி தானே பற்றிக்கொள்ளும். அன்று கப்பலுக்கு நேரமாகிவிட்டது என்று ஆறாத மூட்டைகளை அடுக்கிவிட்டார்கள். மாடியில் துணி எடுக்கப் போன நான், மேற்கே கரும்புகை எழுவதைப் பார்த்துத் தம்பிக்குப் போன் போட்டேன்.

"யக்கா, தீயே காத்த இழுக்கு. தகரம்லாம் பறக்கு. கிட்ட நிக்க முடியல" என்றான். அதோடு போன் அறுந்துவிட்டது.

தம்பி போய்விட்டான் என்றே நினைத்தேன். என்னோடு படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அழுதுகொண்டே பேசி அனுப்பினேன். "கரி யார்டு எரியுது. அமோனியா டேங்க் வெடிக்கப் போவுது. எல்லாரும் ஓடுங்க!" அமோனியா என்று தம்பி சொல்லவே இல்லை. யார்டுக்குப் பக்கத்து உரக் கம்பெனியை நினைத்து என் பயம் சேர்த்தது அது.

கொஞ்ச நேரத்தில் மாதா கோயில் மணி விடாமல் அடித்தது. என் குரலைக் கேட்டு ஊரை எச்சரிக்க யாரோ இழுத்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் தெருவில் நேரங்கெட்ட நேரத்து மணிக்கு ஒரே அர்த்தம்தான், கடலில் யாருக்கோ ஆபத்து. ஏன் எதற்கு என்று கேட்காமல் எல்லோரும் கரைக்கு ஓடுவார்கள். அன்றும் ஓடினார்கள். மேற்கிலிருந்து அடித்த மேல்காற்று புகை முழுவதையும் அந்தக் கரைக்குத்தான் தள்ளிக்கொண்டிருந்தது.

அம்மாவும் ஓடினாள். அவளிடம் போன் கிடையாது, மணி மட்டும்தான் கேட்டிருக்கிறது. அவளுக்கு ஆஸ்துமா. மாடியிலிருந்து நான் கத்தியது காற்றோடு போயிற்று. பின்னாலேயே ஓடினேன். புகைக்குள், கரையேற்றிக் கிடந்த ஒரு வள்ளத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பூத்திருந்தது. ஆட்டோவில் அவளை மடியில் போட்டுக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். தம்பி புருவம் கருகி வந்து சேர்ந்தான். தீ அடங்கிவிட்டது, டேங்க் எதுவும் வெடிக்கவில்லை. ஆனால் என் குரல் அடங்கவில்லை. நான் குழுவில் அழித்த பிறகும் அது பெயரில்லாமல் காயல்பட்டினம் போய், அங்கிருந்து வளைகுடாவுக்கும் போய்விட்டது. "யாருளா இவ? போலீஸ்ல புடிச்சிக் குடுங்க" என்று போனுக்குப் போன் வசவு. தீயைப் பற்றித் தம்பி சொன்னது அன்றுதான் விளங்கியது. ஓர் அளவுக்கு மேல் போனால் யாரும் ஊதவே வேண்டாம், அதுவே காற்றை இழுத்துக்கொள்கிறது.

மறுநாள் காலை பக்கத்துக் கட்டில் பெண் என் குரல் பதிவைப் போனில் சத்தமாகப் போட்டுக் கேட்டாள். கரைக்கு ஓடிய கூட்டத்தில் விழுந்து அவளுக்குக் கால் முறிந்திருந்தது. முதல் வார்த்தையிலேயே அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"யக்கா, ஒங்க பக்கத்து ஆளு மாதிரில்லா பேசுதா. தெரியுமா இவள?" என்று அம்மாவிடம் கேட்டாள் அந்தப் பெண்.

அம்மா மாஸ்க்கை நகர்த்தினாள். மூச்சு வாங்கியது.

"தெரியாதும்மா. எங்க தெருவுல இப்பிடி ஒருத்தி இல்ல."

சற்று நேரத்தில் நோயாளிகளுக்கு நற்கருணை அப்பம் கொடுக்க மாதா கோயில் சாமியார் வந்தார். படுத்த படுக்கையிலும் அதைத் தவறவிடாதவள் அம்மா. அன்று வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"ஏம்மா?" என்று கேட்டார் அவர்.

"பொய் சொல்லிருக்கேன் சாமி. பாவசங்கீர்த்தனத்துல அதச் சொல்லிட்டு வாங்கிக்கிடுதேன்."

பக்கத்துக் கட்டில் பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் வாயைத் திறக்கவே இல்லை.