மணியம்மையின் இருபது மொட்டைகள்

எங்கள் பள்ளிக்கூடத்து ஆயா மணியம்மைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மணி அடிப்பாள், பானையில் தண்ணீர் நிரப்புவாள், வராத பிள்ளைகளை வீட்டிலிருந்து இழுத்து வருவாள். அந்த மூன்றாவது வேலையைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. இழுத்து வரப்பட்டவர்களில் நானும் ஒருத்தி.

அம்மையார்குப்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டுக்கு வீடு தறி. ஆண்கள் தறியில் உட்காருவார்கள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற நூலை ராட்டையில் சுற்றித் தருவது பெண்பிள்ளைகளின் வேலை. தார் சுற்றுவது என்போம். தார் நின்றால் தறி நிற்கும், அதனால் எந்த அப்பனும் மகளைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டான். மணியம்மை யாரிடமும் கல்வியின் பெருமை பேசியதில்லை. காலையில் வீட்டுக்குள் வந்து தண்ணீர் கேட்பாள். தண்ணீர் வருவதற்குள் ராட்டையின் கைப்பிடியைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டு போய்விடுவாள். கைப்பிடி இல்லாத ராட்டையின் முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்து எரிச்சலாகி, அப்பனே அவளைப் பள்ளிக்கூடத்துக்குத் துரத்துவான். நாலு மணிக்குப் பெண்ணும் கைப்பிடியும் சேர்ந்து வீடு திரும்பும்.

எழுபத்தைந்தில் நான் ஐந்தாவது முடித்தேன். ஆறாவதில் பெண்கள் பையன்களோடு உட்காரக் கூடாது என்று ஊர் சொல்லிவிட்டது. தனி வகுப்பு வேண்டுமென்றால் இருபது பெண்கள் இருக்க வேண்டும், ஆய்வாளர் நேரில் வந்து எண்ணுவார் என்றார் ரஞ்சிதம் டீச்சர். ஒன்று குறைந்தாலும் வகுப்பு கிடையாது. வகுப்பு இல்லையென்றால் எனக்கும் பொதட்டூர்பேட்டையில் இருந்த அத்தை மகன் பாவாவுக்கும் தை மாதம் நிச்சயம் என்று என் நைனா துளசிங்கம் முடிவு செய்திருந்தார். எனக்குப் பதினொரு வயது. பாவாவுக்கு மீசை இருந்தது.

மணியம்மை எப்படியோ இருபது பேரைச் சேர்த்துவிட்டாள். ஆனால் இன்று வந்தவள் நாளை வருவாளா என்பது யாருக்கும் தெரியாது. அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"உம் பொண்ணு படிக்கணும்னு தணிகை முருகனுக்கு வேண்டிகினேன். ஆடிக் கிருத்திகைக்கு மொட்டை" என்று நைனாவிடம் வந்து சொன்னாள்.

"எம் பொண்ணு தலைக்கு நீ எப்டிக்கா வேண்டிக்கலாம்?"

"வேண்டியாச்சு. வேணாம்னா நீயே மலைக்குப் போயி அவருகிட்ட சொல்லிட்டு வா."

எல்லா வீட்டிலும் இதையே சொன்னாள். படிப்பு வேண்டாம் என்று வாய் ஓயாமல் பேசிய அப்பன்களில் ஒருவருக்குக்கூட அதை மலையேறிப் போய் முருகனிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. முடியை வாங்கிக்கொண்ட சாமியை ஏமாற்றிப் பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தவும் இனி முடியாது. இருபது பேரும் ஒரே பஸ்ஸில் திருத்தணிக்குப் போய், சந்தனம் பூசிய இருபது மொட்டைகளாகத் திரும்பினோம். என் அம்மா, பஸ்ஸை விட்டு இறங்கிய இன்னொரு மொட்டையான கமலாவை நான் என்று நினைத்து, கையைப் பிடித்து எங்கள் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினேன்.

எல்லாவற்றையும் யோசித்த மணியம்மை ஒன்றை மட்டும் மறந்துவிட்டாள். ஆய்வாளர் வந்தது அடுத்த புதன்கிழமை.

அவர் வாசலிலேயே நின்று எங்களைப் பார்த்தார். "என்னம்மா, எல்லாம் பசங்களா இருக்கு?"

"பொண்ணுங்க சார். வேண்டுதல்" என்றார் டீச்சர்.

"பாவாடை போட்டா பொண்ணா? நெசவு ஊர்ல துணிக்கா பஞ்சம்?"

"காதைப் பாருங்க சார், குத்தியிருக்கு."

"எனக்குந்தான் குத்தியிருக்கு." தலையைத் திருப்பிக் காட்டினார். போன மாதம் வேறொரு ஊரில் பிள்ளைகளை இரவல் வாங்கி உட்காரவைத்து அவரை ஏமாற்றியிருந்தார்களாம். அதிலிருந்து அவர் யாரையும் நம்புவதில்லை. பெயர் சொல்லி அழைத்தார், பதில் சொன்னோம். சொல்லிக்கொடுத்த பதில் என்றார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். எனக்குப் பாவாவின் மீசை தெரிந்தது. நான் அழுதுவிட்டேன். பையன்களும் அழுவார்கள் என்று அவர் சொன்னார்.

மணியம்மை வெளியே போனாள். எங்கள் வீட்டு ராட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தாள். மடியிலிருந்த கைப்பிடியை எடுத்து மாட்டினாள்.

"சார், எங்கூர்ல பொட்டப்புள்ளிங்கதான் தார் சுத்தும். ஆம்பளப் பையன் ஒருத்தனுக்கும் கை வராது. நீங்களே பாருங்க."

சோதனைக்கு ஐந்தாம் வகுப்பிலிருந்து சிங்காரத்தைக் கூப்பிட்டார்கள். அவன் மூன்று சுற்றில் நூலை அறுத்து, நாலாவது சுற்றில் தன் விரலையும் சேர்த்துச் சுற்றினான். பிறகு நாங்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து போய் ஆளுக்கொரு தார் சுற்றினோம். ஆய்வாளர் நாற்காலியை நெருக்கமாகப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாரையும் நசுக்கிப் பார்த்து, "பொண்ணு" என்று குறித்துக்கொண்டார். பிற்பகல் மூன்று மணிக்கு இருபதும் சரியாகிவிட்டது. இருபது தாரையும் வாரிக்கொண்டு போக வந்த நைனா, "தெனம் ஒரு ஆய்வாளர் வந்துகினு இருந்தா நல்லாயிருக்கும்" என்றார்.

எனக்கு இன்றும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. அந்த நாளுக்காக நான் மூன்றாம் பாடத்தை ஒரு மாதம் மனப்பாடம் செய்திருந்தேன். எங்களில் ஒருத்தியையும் அவர் ஒரு வரிகூடப் படிக்கச் சொல்லவில்லை. எந்த வேலையிலிருந்து தப்பி வந்தோமோ அதைச் செய்து காட்டித்தான் வகுப்பை வாங்கினோம்.

வகுப்பு கிடைத்தும், தை மாதம் பாவாவின் அம்மாவான அத்தை பெண் பார்க்க வந்தாள். கட்டைவிரல் அளவு முடியோடு நான் காபி கொண்டுபோய் வைத்தேன். பூ வைக்க இடமில்லாத தலையைப் பார்த்துவிட்டு, வளரட்டும் என்று எழுந்து போனாள். அடுத்த ஆடியில், போன வருஷ வேண்டுதலில் ஒரு பாக்கி இருப்பதாக மணியம்மைக்கு ஞாபகம் வந்தது. அதற்கடுத்த ஆடியில் முருகனே கனவில் வந்து கேட்டாராம். முருகன் என் தலைமேல் இவ்வளவு ஆசை வைத்திருப்பதில் நைனாவுக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது. ஐந்து ஆடி, ஐந்து மொட்டை. நாலாவது மொட்டையில் பாவா பின்னல் உள்ள ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார்.

எண்பதில் பத்தாவது தேறினேன். மதிப்பெண் தாளை மணியம்மையிடம் கொண்டுபோனேன். அவள் அதைத் தலைகீழாகப் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

"ஏன் ஆயா, அஞ்சு தடவ?" என்று கேட்டேன்.

"எனக்குப் பத்து வயசுல முழங்காலு வரைக்கும் பின்னலு. பாக்க வந்தவங்க அத மட்டுந்தான் பாத்தாங்க. ஆவணியில கட்டிக் குடுத்துட்டாங்க" என்றாள்.

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் தலையைத் தடவினாள். முடி காதைத் தாண்டி வளர்ந்திருந்தது.

"இனிமே வளத்துக்கோ" என்றாள்.