இரும்பு மாத்திரையும் எல்லைத் தேநீரும்

எல்லை தாண்டும் ஆசை எங்கள் குடும்பத்தில் முதலில் என் குடலுக்குத்தான் தோன்றியது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு திசம்பர் விடுமுறை. தேங்காய்ச் சாக்கு ஒன்றைத் தனியாளாகத் தூக்கி வலிமை காட்ட முனைந்தேன். மறுநாள் அடிவயிற்றின் வலப்புறத்தில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு புடைப்பு. நெய்யாற்றின்கரையிலிருந்த பெண் மருத்துவர் அழுத்திப் பார்த்துவிட்டுக் குடலிறக்கம் என்றார். அறுவைதான் தீர்வு, அதுவரை பளு தூக்கலாகாது, மிதிவண்டி மிதிக்கலாகாது என்றார்.

முதல் தடையை மகிழ்ச்சியோடு ஏற்றேன். இரண்டாவது தடை நெஞ்சில் தைத்தது. வீட்டிலிருந்து நான் தமிழ் கற்பிக்கும் பனச்சமூட்டுப் பள்ளி மூன்று கல் தொலைவு. இறப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே காலைக் குளிரில் மிதிவண்டியில் சரிவிறங்கிச் செல்லும் அந்தப் பதினைந்து நிமிடங்களே என் நாளின் உயர்ந்த பகுதி. அதற்கு மாறாக, பேருந்தில் பிறர் முழங்கைகளுக்கிடையே தொங்கிக்கொண்டு போவதாயிற்று. கோடை விடுமுறையில் அறுவையை முடித்துக்கொண்டால் சூன் மாதப் பள்ளித் திறப்புக்கு மிதிவண்டி திரும்பிவிடும் என்று கணக்கிட்டேன்.

குறுக்கே நின்றது என் குருதி. ஆய்வுச் சீட்டில் ஈமோகுளோபின் எட்டு என்று எழுதியிருந்தது. பத்துக்கு வராமல் மயக்க மருந்து கொடுக்க மாட்டேன் என்றார் மருத்துவர். மூலம் உண்டா, குடலில் புழு உண்டா என்றெல்லாம் தேடினார், இரண்டும் இல்லை. நாங்கள் சைவ உணவினர் என்பதைக் குறித்துக்கொண்டு இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இரண்டு மாதம் ஒருவேளையும் தவறாமல் விழுங்கினேன். எங்கள் வீட்டு வழக்கப்படி எந்த மருந்தையும் குளிர்ந்த நீரில் விழுங்குவதில்லை. விழுங்கினால் அது வயிற்றில் கல்லாகக் கிடந்துவிடும் என்பது தலைமுறைகளின் முடிவு. வெதுவெதுப்பான ஒன்று வேண்டும். எங்கள் அடுக்களையில் எந்நேரமும் வெதுவெதுப்பாக இருந்தது தேநீர் மட்டுமே. எழுந்தவுடன், புட்டுடன், சோற்றுக்குப் பின், மாலையில் மரச்சீனிக் கிழங்குடன் என்று நாளொன்றுக்கு ஏழு குவளை அருந்தும் எனக்கு, மாத்திரைக்கென்று தனியாக எதையும் தேடவேண்டியிருக்கவில்லை.

பிப்ரவரி இறுதியில் மறு ஆய்வு. மீண்டும் எட்டு.

"சாறே, குளிகை ஒழுங்கா போட்டீங்களா?" என்று மருத்துவர் தம் மலையாளத் தமிழில் கேட்டார்.

"ஒரு வேளையும் தவறவில்லை. சோறு உண்டதும் சூடான தேநீருடன் முறையாக விழுங்குகிறேன்."

அவர் எழுதுகோலைக் கீழே வைத்தார். பக்கத்தில் நின்ற செவிலி வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"என்றெ சாறே! அந்தச் சாயாவில ஒரு துவர்ப்பு உண்டில்லியா, அது செக்போஸ்ட் ஆக்கும். இரும்பு லாரி வந்தா மறிச்சு, வந்த வழியே திருப்பி விட்டிரும். கீரையில உள்ளதையும் விடாது, குளிகையில உள்ளதையும் விடாது."

"அப்படியானால் தேநீர் நஞ்சா?"

"யாரு சொன்னா? நானே மூணு தடவ குடிக்கும். நேரந்தான் முக்கியம். சோத்துக்கு ஒரு மணிக்கூறு முன்ன வேண்டாம்; சோறு உண்டு ரெண்டு மணிக்கூறு கழிஞ்சா குடிக்கலாம். குளிகைய எலுமிச்சந்தண்ணியில போடுங்க."

என் மனைவி அடுத்த நாற்காலியில் அமர்ந்து ஒவ்வொரு சொல்லையும் உள்வாங்கிக்கொண்டிருந்தாள். வீடு சேர்ந்ததும், "இஞ்ச பாருங்க, சோத்துக்குப் பொறவு சாயா தொடமாட்டேன்னு ஒரு வாக்கு தரணும்" என்றாள். கொடுத்தேன். ஆனால் வாக்கியத்தை நானே அமைத்தேன்: "கேரள மண்ணில் உணவுக்குப் பின் இரண்டு மணி நேரம் தேநீர் தொடேன்." தமிழாசிரியனின் வழக்கமான நீட்டல் என்று எண்ணி அவள் முதல் இரு சொற்களைக் கவனியாமல் விட்டாள்.

பனச்சமூட்டில் என் பள்ளி சாலையின் ஒரு புறம், அது கேரளம்; எங்கள் வீடும் அந்தப் பக்கமே. எதிர்ப்புறம் தமிழ்நாடு. அங்கே ஒரு தேநீர்க்கடை. மார்ச்சு மாதம் முழுவதும் நண்பகல் உணவு முடிந்ததும் சாலையைக் கடந்தேன். கடைக்காரருக்கு முதல் நாளே வியப்பு.

"என்ன சாறே, அப்பறத்துக் கடையில சாயா தீந்து போச்சா?"

"அங்கே எனக்கு நோன்பு."

"அப்பம் இஞ்ச?"

"இங்கே அந்த நோன்பு செல்லாது."

அவர் தேநீரை உயரத் தூக்கி ஆற்றியபடியே சிரித்தார். "கொள்ளாமே! அரிசி கடத்துதவனக் கண்டிருக்கேன். சாயாவ வயித்துக்குள்ள வச்சுக் கடத்துத ஆள இப்பந்தான் காணுதேன்."

மாதக் கடைசியில் மூன்றாம் ஆய்வு: எட்டரை. எலுமிச்சை நீரும் நெல்லிக்காயும் கொடுத்தும் இவ்வளவுதானா என்று என் மனைவி கவலையில் ஆழ்ந்தாள். முருங்கைக்கீரை போதவில்லை என்று முடிவு செய்தாள். தமிழ்நாட்டுப் பக்கத்துச் சந்தையில் கீரை தளிராகக் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, மறுநாளே புறப்பட்டு வந்தாள். அது எனக்குத் தெரியாது.

சோறு உண்டு கைகழுவிச் சாலையைக் கடந்தேன். கடை விசுப்பலகையில் மடி நிறையக் கீரைக்கட்டுகளுடன் அவள் அமர்ந்திருந்தாள். கடைக்காரர் வெள்ளை மனத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார்: "இன்னா வந்தாச்சுல்லா! சோறு உண்ட கையோட சாறுக்கு இஞ்சதான், அக்கா, சாயா. ஒரு நாளும் முடங்கினதில்ல."

என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "என்ன, கேரளத்துல மழையா? இஞ்ச ஒதுங்க வந்தியளோ?"

"நான் கொடுத்த வாக்கின் சொற்களை நினைவுகூர்ந்து பார். கேரள மண்ணில் என்றுதான்..."

"செரி. காலு ரெண்டும் தமிழ்நாட்டுல நிக்கட்டு. வயிறு எந்த ஸ்டேட்டு ஆக்கும்?"

முப்பதாண்டு கற்பித்த நான் குனிந்து வயிற்றைப் பார்த்தேன். எனக்காக ஆற்றி வைத்த தேநீரைக் கடைக்காரர் ஓசையின்றித் தாமே குடித்துக்கொண்டார்.

அவள் கீரைக்கட்டுகளை அடுக்கிக்கொண்டே, குரலை உயர்த்தாமல், "வீட்டுக்குப் பின்னால சாய்ப்புல கெடக்க சைக்கிள பழைய இரும்புக்காரன் கேட்டிட்டு இருக்கான். குடுத்திரட்டா? உங்க மேல ஒட்டாத இரும்பு அவனுக்காவது ஒதவட்டு" என்றாள். சொல்லி முடிக்கையில் அவள் கண் கலங்கியிருந்தது. இந்த வெயிலில் நெரிசல் பேருந்தில் நின்று என் குருதிக்காகக் கீரை வாங்க வந்தவள் அவள். ஒரு குவளைத் தேநீருக்காகச் சாலையைக் கடந்தவன் நான்.

அன்றே வாக்கியத்தைத் திருத்தினேன். மண்ணின் பெயரை நீக்கிவிட்டு, "எங்கும்" என்று சேர்த்தேன். இம்முறை அவள் என்னைப் பதம் பதமாகச் சொல்லவைத்துக் கேட்டாள். ஏப்பிரல் மாதம் நெடியதாயிருந்தது. சோறு முடிந்த பின்னான இரண்டு மணி நேரம் எவ்வளவு நீளம் என்பதைச் சுவர்க்கடிகாரத்தின் எதிரே அமர்ந்து கண்டறிந்தேன். முதல் வாரம் தலைவலி. இரண்டாம் வாரம் எரிச்சல். மூன்றாம் வாரம் படியேறும்போது மூச்சு வாங்கவில்லை என்பதை நானே தாமதமாகக் கவனித்தேன். மே மாத நடுவில் ஆய்வுச் சீட்டு பத்தைத் தாண்டியது.

அறுவை நல்லபடி முடிந்த மறுநாள் நண்பகலில் மருத்துவமனை ஆள் கஞ்சியையும் தேநீரையும் ஒன்றாகக் கொண்டுவந்து வைத்தார். கஞ்சியைக் குடித்துவிட்டு, பழக்கத்தால் கை குவளையை நோக்கி நகர்ந்தது. என் மனைவி ஒரு தட்டை எடுத்து அதன்மேல் மூடினாள்.

"மணி ஒண்ணு ஆவுது" என்றாள்.

மூன்று மணிக்குத் தட்டை அவளே எடுத்தாள். ஆறிப்போய் மேலே ஆடை படர்ந்திருந்தது. தேநீரை ஆறவிட்டுக் குடிப்பவரை வாழ்நாளெல்லாம் இகழ்ந்தவன் நான். அன்று கடைசித் துளி வரை குடித்தேன்.

பள்ளி திறந்தபோது மருத்துவர் இன்னும் இரண்டு மாதம் பேருந்தே போதும் என்றுவிட்டார். ஆவணியில்தான் மிதிவண்டியைச் சாய்ப்பிலிருந்து எடுத்தேன். சக்கரங்களில் காற்று நிறைந்திருந்தது. சங்கிலியில் எண்ணெய் பளபளத்தது. வழியனுப்ப வந்த என் மனைவியின் முந்தானை ஓரத்திலும் அதே எண்ணெய் கறுத்திருந்தது.