பலகையில் தொங்கும் டோக்கன்

நூலகம் என்று யாராவது வாயெடுத்தாலே மேக்ஸ்வெல்லுக்குப் பற்றிக்கொண்டு வரும். பல வருஷத்து எரிச்சல். ஆண்டர்சன்பேட்டையில் அவன் வீட்டுக்கு நாலு வாசல் தள்ளித்தான் அந்தச் சின்னக் கிளை நூலகம். அதைத் திறப்பதற்குள் அவன் பெங்களூர் ரயிலேறியிருப்பான். திரும்பி வருவதற்குள் பூட்டியிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் திறந்திருக்கும். அப்போது அவன் சர்ச்சில் இருப்பான். ஒயிட்ஃபீல்டு பக்கம் வெல்டிங் வேலை. படிப்பு ஆறாவதோடு சரி. ஆனால் கதைப் பைத்தியம். ரயிலில் பக்கத்து ஆளின் பத்திரிகையை எட்டிப் படிப்பான். படித்து முடிப்பதற்குள் அந்த ஆள் பக்கத்தைத் திருப்பினால் சண்டைக்குப் போவான்.

ஒருநாள் காய்ச்சல் என்று லீவு போட்டவன், நூலகத்தைப் பூட்டிக்கொண்டிருந்த நூலகர் பாக்யலட்சுமியைப் பிடித்துக்கொண்டான்.

"யாருக்கு மேடம் தொறக்குறீங்க? ஊரே ரயிலேறிப் போயிடுது. உள்ள பல்லி குந்திக்கினு படிக்குதா?"

வேறு யாரிடம் கேட்டிருந்தாலும் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான். அவர் சாவியைப் பையில் போட்டார்.

"பல்லியும் வர்றதில்ல தம்பி. மார்ச்சோட இத்த மூடப் போறாங்களாம். வாசகரே இல்லன்னு மேல சொல்ட்டாங்க."

அந்த மாதமே மைசூரில் நூலகர் மாநாடு. போக யாரும் முன்வராததால் இவரை அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. பையும் கையுமாக மேக்ஸ்வெல் வீட்டு வாசலில் நின்றார்.

மாநாட்டில் பெரிய திரை போட்டு என்னென்னவோ காட்டினார்களாம். பாதி மண்டையில் ஏறவில்லை. சாப்பாட்டு வரிசையில்தான் விஷயம் கிடைத்தது. முன்னால் நின்றவள் கார்வார்ப் பக்கத்து மீனவர் ஊரில் நூலகராக இருப்பவள். படகு கரையேறும் நேரம் பார்த்துத்தான் திறக்கிறாளாம். வலை காயப்போடும் இடத்திலேயே புத்தகம் கொடுக்கிறாளாம். "ஊர் வேலைக்குப் போகிற வழியில் போய் நில்லு" என்று சொல்லிவிட்டு, சாம்பாரை ஊற்றிக்கொண்டு போய்விட்டாள்.

"வர்ற வழியெல்லாம் தூக்கமே வரல மேக்ஸ்வெல்லு. நம்ம ஊரு வேலைக்கு எப்டி போச்சு? டோக்கன மாட்டிட்டுதான போச்சு?"

அவனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. இருவரின் அப்பாவும் இதே ஊர்த் தங்கச் சுரங்கமான மைசூர் மைன்ஸில் வேலை பார்த்தவர்கள். சுரங்கத்தில் இறங்குகிறவன் தன் நம்பர் அடித்த பித்தளை டோக்கனைப் பலகையில் மாட்டிவிட்டு, கேஜ் என்கிற சுரங்க லிஃப்டில் ஏறுவான். ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவான். டோக்கன் தொங்கினால் ஆள் இன்னும் கீழே என்று அர்த்தம். சுரங்கம் மூடி எத்தனையோ வருஷம் ஆகியும், தொங்குகிற டோக்கனைப் பார்த்தால் இந்த ஊரால் தாண்டிப் போக முடியாது.

"பித்தளைத் தகட்டுல வெட்டிக் குடுப்பியா?"

"வேற வேல இல்ல எனக்கு," என்று முறைத்தான். அந்த வாரமே ஒரு பை நிறைய வெட்டிக் கொடுத்தான்.

அன்றிலிருந்து விடியும் முன்பே மாரிக்குப்பம் ஸ்டேஷன் வாசலில் மொபெட் வந்து நிற்கும். இரண்டு பக்கமும் புத்தகப் பை. பக்கத்திலேயே தாயம்மாவின் டீக்கடைச் சுவரில் பலகை. ஆளுக்கொரு நம்பர் அடித்த டோக்கன். பேர் எழுதவேண்டாம், கையெழுத்து வேண்டாம். டோக்கனை மாட்டு, புத்தகத்தை எடு, ஓடு. சாயங்காலம் புத்தகத்தைக் கொடு, டோக்கனைக் கழற்று. மறுநாள் விட்ட இடத்திலிருந்து படி. சாயங்காலமும் அவரேதான் நிற்பார். நடுவில் நூலகத்தையும் நேரத்துக்குத் திறந்துவிடுவார். அது இரும்பில் செய்த உடம்பா என்று மேக்ஸ்வெல் பலமுறை யோசித்திருக்கிறான். இரும்பைத் தெரிந்தவன் அவன்; இரும்புகூட வளையும்.

மார்ச் வந்தது. மூடுவதா வேண்டாமா என்று பார்க்க ஒரு அதிகாரி சாயங்கால ரயிலுக்கு வந்து நின்றார். ரயில் வந்தது. ஆளாளுக்குப் புத்தகத்தைக் கொடுத்து டோக்கனைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஒன்று மட்டும் தொங்கியது. லேத் பட்டறைக்குப் போகும் பிரதாப்புடையது.

தாயம்மாவின் புருஷன் ஒரு ஷிப்டில் கீழே போனவர், மேலே வரவில்லை. அவள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"ஐயோ, ஒரு ஆளு மேல வரலியே!"

வீட்டுக்குக் கிளம்பியவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஒரு புத்தகம்தானம்மா, நாளைக்குக் கொடுப்பான்."

"புஸ்தகம் கெடக்கட்டும் சார். ஆளு எங்க?" என்றாள் தாயம்மா.

மாரிக்குப்பம்தான் ரயிலுக்குக் கடைசி ஸ்டேஷன். பெட்டி பெட்டியாக ஏறித் தேடினார்கள். பாக்யலட்சுமி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் ஓடினார். கடைசிப் பெட்டியில் பிரதாப் காலை நீட்டிப் படித்துக்கொண்டிருந்தான். ஊர் வந்ததே தெரியவில்லை.

"ரெண்டே பக்கம்ணா..."

மேக்ஸ்வெல் பின்மண்டையில் ஒன்று வைத்தான். "உனக்கு ஊரே எழவு கூட்டப் பாத்துதுடா!"

பாக்யலட்சுமி மூச்சு வாங்கியபடி சொன்னார்: "அடிக்காத. முடிச்சிட்டே வரட்டும்."

பிரதாப் முடித்துவிட்டு வந்து டோக்கனைக் கழற்றும்வரை ஒருவரும் நகரவில்லை. அதிகாரியும் நின்றார். இதை மூடச் சொல்லி நான் எழுதமாட்டேன் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, தாயம்மாவிடம் ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

இந்த வருஷ மாநாட்டில் பாக்யலட்சுமியையே பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். போன ஞாயிறு சர்ச் முடிந்து வந்த மேக்ஸ்வெல்லை வழியில் மடக்கினார்.

"இன்னாக்கா, இன்னும் டோக்கன் வெட்டணுமா?"

"டோக்கன் போதும். நீ எங்கூட மைசூருக்கு வரணும்."

"நானா? மூட்டை தூக்கவா?"

"மேடையேற. அன்னிக்கு வாசல்ல நின்னு, யாருக்குத் தொறக்குறீங்கன்னு என்னைக் கேட்ட பாரு, அதையே அவங்க எல்லாரையும் கேளு. அதே கோவத்தோட கேக்கணும். பல்லிய வுட்டுடாத."