பழத்தட்டும் அமெரிக்கச் சட்டமும்

1976 அக்டோபரில், தீபாவளிக்குச் சற்று முன்னால், அமெரிக்காவில் ஒரு சட்டம் நிறைவேறியது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் அடுத்த சித்திரை வரை யாரும் ஓரிடத்தில் நிலையாக உட்காரவில்லை.

என் தங்கை டாக்டர். அமெரிக்காவில் ஒரு பெரிய நகரத்தின் ஏழைகள் வசிக்கும் பகுதியில் இருந்த ஆஸ்பத்திரி, அடுத்த ஜூலை முதல் பயிற்சி டாக்டராகச் சேர அவளுக்கு இடம் கொடுத்திருந்தது. அதற்குரிய தேர்வை அந்த வருடங்களில் இந்தியாவில் நடத்த அனுமதி இல்லை. திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் போய் எழுதிவிட்டு வந்தாள். எங்கள் குடும்பத்தில் முதலில் விமானம் ஏறியது அவள்தான். புதுச் சட்டமோ அந்தத் தேர்வு போதாது, வெளிநாட்டு டாக்டர்கள் இன்னொன்றும் எழுத வேண்டும் என்றது. அது எங்கே, எப்போது நடக்கும் என்று சொல்ல ஆள் இல்லை.

ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றிருந்த அப்பா ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஜூலைக்குள் கிளம்பினால் சரி. இல்லையென்றால் ஆவணியில் கல்யாணம். கும்பகோணத்தில் ஒரு பையன் வீட்டார் ஜாதகம் கேட்டு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தங்கை மொட்டை மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

அப்பாவுக்குத் தெரிந்த வழி சிபாரிசு. மண்ணச்சநல்லூரில் அவருக்குப் பழக்கமான ஒரு ரைஸ் மில் முதலாளி இருந்தார். டெல்லி வரை செல்வாக்கு உண்டு என்று பேச்சு. கார்த்திகையில் ஒரு ஞாயிறன்று நாங்கள் மூவரும் பஸ்ஸில் போனோம். தட்டில் ஆப்பிள், சாத்துக்குடி, வெற்றிலை பாக்கு. தட்டைத் தங்கைதான் ஏந்தி நிற்க வேண்டும் என்றார் அப்பா. முதலாளி வாசலில் காரில் ஏறப்போகிறவராக நின்றிருந்தார்.

“சீக்கிரம் சொல்லுங்க, சர்க்காருக்கு அளக்கற லெவி நெல் விஷயமா மில் சங்கத்து ஆளுங்களோட மெட்ராஸ் கிளம்பிட்டிருக்கேன். உத்தரவு வந்தப்புறம் அழுது என்ன பிரயோஜனம்? வர்றதுக்கு முன்னாடி போய் உட்கார்ந்தாத்தான் உண்டு.”

அப்பா விஷயத்தைச் சொன்னார்.

“அமெரிக்காவா? பாப்பா டாக்டருக்குத்தானே படிச்சிருக்கு, அப்புறம் என்ன? எழுதிடுவோம்.”

எழுதியும் கொடுத்தார். பாப்பா நல்ல குடும்பத்துப் பெண் என்றும், தனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும் என்றும் மில்லின் தலைப்பிட்ட தாளில் இருந்தது. சிறுவயதில் அவளை அவர் பார்த்ததே இல்லை. அப்பா அதை மெட்ராஸில் இருந்த அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு அனுப்பியதோடு நிற்காமல், நகல் எடுத்து ஆஸ்பத்திரிக்கும் பதிவுத் தபாலில் போட்டுவிட்டார். தை மாதம் ஆஸ்பத்திரி மிகுந்த மரியாதையோடு பதில் எழுதியது: கடிதம் கிடைத்தது, இந்த அரிசி ஆலையில் டாக்டர் எந்தப் பிரிவில் பணியாற்றினார்?

“அப்பா, இனிமே என் விஷயமா நீங்க ஒரு தபால்தலைகூட ஒட்டக் கூடாது” என்றாள் தங்கை. அன்று வீட்டில் பெரிய சண்டை.

எனக்கு ஒரு நண்பர் இருந்தார். மேலப்புதூர் பக்கம் கத்தோலிக்கக் குடும்பம். கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தினார். பாதிரியாராக அமெரிக்காவில் இருந்த அவருடைய அண்ணன் பழைய வார இதழ்களைக் கட்டாகக் கட்டிக் கப்பல் தபாலில் அனுப்புவார். அலுவலகம் விட்டதும் சத்திரம் பஸ் நிலையத்து டீக்கடையில் அவரும் நானும் அவற்றைப் பங்கு போட்டுப் படிப்போம். எதையும் வருடம், மாதம் பார்த்து அடுக்காவிட்டால் எனக்குச் சரிப்படாது. இந்தச் சட்டம் பற்றிய செய்திகளையும் அப்படி அடுக்கிக்கொண்டு போனபோதுதான், அதற்குப் பின்னால் யார் யார் நின்றார்கள் என்று தெரிந்தது.

இனி நாட்டில் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை, வெளியாட்களுக்குத் தனிச் சலுகை தேவையில்லை என்பது ஒரு தரப்பு. உள்நாட்டு டாக்டர்களும் மருத்துவக் கல்லூரிகளும் அதில் இருந்தார்கள். எதிர்த்தரப்பில், வெளிநாட்டுப் பயிற்சி டாக்டர்கள் இல்லாவிட்டால் வார்டுகளை நடத்த முடியாத நகரத்து ஆஸ்பத்திரிகள். தலைநகரில் இவர்களுக்கெல்லாம் அலுவலகங்களும் சம்பள ஆட்களும் உண்டு. நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சந்தித்துப் பேசுவதே அந்த ஆட்களின் தொழில். தாங்கள் யாருக்காகப் பேசுகிறோம் என்று அரசாங்கத்தில் பதிவு செய்துகொண்டே பேசுகிறார்கள். பம்பாயில் ஒரு தொழிலதிபர் டெல்லிக்கு யாரை அனுப்புகிறார் என்று நாம் காதோடு காதாகப் பேசுவதை அங்கே பெயர்ப்பலகை மாட்டி நடத்தினார்கள்.

“உங்க தங்கச்சிய வெச்சு நாலு பேரு சண்டை போட்டிருக்காங்க சார். நாலு பேருக்குமே உங்க தங்கச்சி யாருன்னு தெரியாது” என்றார் நண்பர்.

“இதுல ஜெயிச்சது யாரு?”

“ரெண்டு தரப்பும்தான். சட்டத்தோட மேல் வரிகளப் படிச்சா கதவு சாத்தியிருக்கு. கீழ வாங்க, ஜன்னல் திறந்திருக்கு.”

வெளிநாட்டு டாக்டர்கள் வராவிட்டால் ஓர் ஆஸ்பத்திரியின் பயிற்சித் திட்டம் பெருமளவு சீர்குலையும் என்றால், சில வருடங்களுக்கு மட்டும் புதுத் தேர்விலிருந்து விலக்குக் கேட்கலாம். ஆஸ்பத்திரிகளுக்காகப் பேசியவர்கள் வாங்கிய ஜன்னல் அது.

மண்ணச்சநல்லூர் வாசலில் முதலாளி சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தன் நெல்லுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. உத்தரவு எழுதப்படும்போதே சங்கமாகப் போய் உட்கார வேண்டும் என்றுதான் அன்று காரில் ஏறிக்கொண்டிருந்தார். நாங்களோ எழுதி முடித்த சட்டத்தின் முன்னால் நின்றுகொண்டு, எங்கள் பெண்ணை மட்டும் விட்டுவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அதுவும் அவரிடமே.

இதழை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். தங்கை நின்றபடியே இரண்டு முறை படித்தாள்.

“இதுல நான் கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையேண்ணா. ஆஸ்பத்திரிதானே கேக்கணும்?”

“ஆமா.”

“அப்ப அவங்களுக்குத்தான் நான் வேணும்.”

அன்றே ஆஸ்பத்திரிக்கு எழுதினாள். தன் படிப்பைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. ஜூலையில் வெளிநாட்டு டாக்டர்கள் வராவிட்டால் உங்கள் வார்டுகளை யார் பார்ப்பார்கள், விலக்குக்கு விண்ணப்பித்தாயிற்றா என்று மட்டும் கேட்டிருந்தாள். மாசியும் பங்குனியும் அவளுக்கு மாடியிலும் எனக்கு வாசலில் தபால்காரரை எதிர்பார்த்தும் கழிந்தன. கும்பகோணத்து ஆள் மறுபடி வந்து காபி குடித்துவிட்டுப் போனார். சித்திரையில் விலக்குக் கிடைத்த செய்தி வந்தது. ஜூனில் திருச்சி ஜங்ஷனில் ரயில் ஏறினாள்.

அப்பா மட்டும் முதலாளியின் கடிதம்தான் வேலை செய்தது என்று கடைசிவரை நம்பினார்.

1979 மார்கழியில் விடுமுறைக்கு வந்தாள். வந்த மறுநாள் சாப்பாட்டின்போது, ஆஸ்பத்திரி நிர்வாகிகள் தன்னைத் தலைநகருக்கு அழைத்துப்போன கதையைச் சொன்னாள். அந்த ஜன்னலுக்குக் கெடு நெருங்கிக்கொண்டிருந்ததால் அதை நீட்டிக்கச் சொல்லி உறுப்பினர்களைப் பார்க்கப் போயிருக்கிறார்கள்.

“வெள்ளைக் கோட்டு போட்டுக்கச் சொன்னாங்க. அறை அறையா கூட்டிட்டுப் போனாங்க. பேசினதெல்லாம் அவங்கதான். ‘இந்த மாதிரி டாக்டர்கள் இல்லன்னா எங்க வார்டை மூடணும்’னு என்னைக் காட்டுவாங்க. நான் சிரிச்சுக்கிட்டு நிக்கணும்.”

“உன்னை ஏதாவது கேட்டாங்களா?” என்றேன்.

“ஒருத்தர் மட்டும் கேட்டாரு. எங்க ஊர்ல குளிருமான்னு.”

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்பா சிரிக்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து, “நாளைக்கு ஞாயித்துக்கிழமை. மண்ணச்சநல்லூர் போய் முதலாளியப் பாத்து நன்றி சொல்லிட்டு வந்துடுவோம். பழம் வாங்கியாச்சு” என்றார்.

இந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று எனக்குப் பதற்றமாக இருந்தது. மூன்று வருடத்துக்கு முந்தைய சண்டை மறுபடி வந்துவிடும் என்று நினைத்தேன்.

“நானும் வரணுமாப்பா?”

“நல்லா கேட்டே. நீ இல்லாம நாங்க போய் என்ன பண்றது? தட்டை யாரு வெச்சுக்கிறது?”

தங்கை என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து, அலமாரி மேலிருந்த வெள்ளித் தட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

“வர்றேன்ப்பா. நிக்கறது எனக்கு இப்பப் பழகிப்போச்சு” என்றாள். “கோட்டும் போட்டுக்கணுமா?”