முற்றத்தில் விறகும் பாயும்

போன வருடம் நவம்பர் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. ஸ்டுட்கார்ட்டில் எங்கள் வீட்டுக் குசினியில், சாப்பாட்டு மேசையில் இருந்துதான் இதைப் பார்த்தேன். நடந்தது உலகத்தின் மறுபக்கத்தில், சமோவா என்ற பசிபிக் தீவில். ஆனாலும் அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அந்த மேசைதான் ஞாபகம் வருகிறது.

எங்களுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடம் முடிந்ததும், இங்குள்ள பிள்ளைகள் பலரைப் போல, ஒரு வருடம் வெளிநாட்டில் தொண்டு செய்யப் போகிறேன் என்றாள். தேவாலயம் சார்ந்த ஒரு மிஷன் அமைப்பு அவளைச் சமோவாவில் ஒரு கிராமத்துப் போதகர் வீட்டில் தங்கவைத்து, அங்குள்ள சிறுபிள்ளைகள் பள்ளியில் உதவிக்கு விடுவதாக ஏற்பாடு. நாங்கள் சைவக் குடும்பம். கோயிலில் விஷயம் தெரிந்ததும், எங்களுக்கு நன்கு பழக்கமான ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளையைக் கிறிஸ்தவ வேதத்துக்கு மாத்திப்போட்டுத்தான் திருப்பி அனுப்புவினம், இருந்து பாரும்."

என் கணவர் சிரித்தார். "மாறினால் மாறட்டும் அக்கா. ஞாயிற்றுக்கிழமையிலயாவது வெள்ளன எழும்புவாள்."

எனக்கு மதம் பெரிய கவலையாக இருக்கவில்லை. கடல், புயல், காய்ச்சல், தனியாக நடக்கும் ரோட்டு என்று என் பயங்கள் வேறு. நான் முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்கிறேன். உடம்புக்கு என்னவெல்லாம் நடக்கலாம் என்று தெரிந்தவளுக்குப் பயமும் கூடுதல்.

அவள் போனில் சொன்ன கதைகள்தான் என்னைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றின. போதகர் குடும்பத்தை ஊரே சேர்ந்து சாப்பாடு கொடுத்துப் பார்க்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வெள்ளை உடுப்பாம். பின்னேரம் மணி அடித்தால் ஊர் முழுக்க வீட்டுக்குள் போய் ஜெபத்தில் இருக்க வேண்டுமாம். அந்த நேரம் ரோட்டில் ஆள் நடமாட்டமோ வாகனமோ கூடாதாம்.

"நீங்கள் இஞ்சை இருந்தால் சந்தோசப்படுவீங்கள் அம்மா. பொழுதுபட எல்லாப் பிள்ளையளும் வீட்டில."

"ஜெபத்தில நீ என்ன செய்யிறனீ?"

"கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள்ள தேவாரம் சொல்லுவன். போதகருக்குத் தெரியும். ஏசமாட்டார், சிரிப்பார்."

பெரியவர்களுக்கு முன்னால் காலை நீட்டி இருக்கக் கூடாது, நீட்டினால் பாயால் மூட வேண்டும் என்றும் சொன்னாள். இதைத்தானே நானும் இவ்வளவு காலம் சொன்னேன் என்றேன். "நீங்கள் சொன்னால் அது ஏச்சு. அவை சொன்னால் பண்பாடு" என்று சிரித்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை, நான் வேலைக்கு வெளிக்கிடும் நேரம் போதகரின் மனைவி ஆங்கிலத்தில் அழைத்தார். எங்களுக்குக் காலை என்றால் அங்கே மாலை. ஜெப மணி அடிப்பதற்கு முன் வீடு போய்ச் சேர வேண்டும் என்று அடுத்த கிராமத்து ஆள் ஒருவன் பிக்-அப் வாகனத்தை வேகமாக ஓட்டி வந்திருக்கிறான். என் மகளும் அதே மணிக்கு முன் போதகர் வீட்டுக்குத் திரும்ப ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறாள். வளைவில் அடித்துவிட்டான். தொடை எலும்பு முறிவு, தலையிலும் அடி. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள், ஆபரேஷனுக்கு ஆயத்தம் செய்கிறார்கள்.

அந்தப் பகல் எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. என் கணவர் விமான டிக்கெட் தேடினார். எப்படிப் போனாலும் இரண்டு நாள் பயணம், அடுத்த நாள் மாலைதான் இடம் கிடைத்தது. நான் உடுப்புகளை மடித்தேன், மடித்ததையே திரும்ப மடித்தேன்.

மாலை இருட்டிவிட்டது. அங்கே பொழுது விடிந்திருக்கும். போன் அடித்தது, வீடியோ அழைப்பு. போதகரின் மனைவியின் முகம் வந்தது, உடைந்து உடைந்து நின்றது. குரல் சரியாக வரவில்லை. "வந்திருக்கிறார்கள்" என்ற ஒரு சொல் மட்டும் கேட்டது. அவர் போனைத் திருப்பி முற்றத்தைக் காட்டினார்.

புல் தரை. அதில் வரிசையாக மூன்று உருவங்கள், தலையிலிருந்து நிலம் வரை பாயால் மூடப்பட்டிருந்தன. அசைவில்லை. பக்கத்தில் ஒரு கட்டு விறகு.

பாயால் மூடிய உடலை நான் முன்பு பார்த்திருக்கிறேன். சண்டைக் காலத்தில் ஊரில் செல் குண்டு விழுந்து செத்த என் தம்பியை அப்படித்தான் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார்கள். பாயும் விறகும் ஒன்றாக இருந்தால் எங்கள் ஆட்களுக்கு அதற்கு ஒரு அர்த்தம்தான். மூன்று உருவங்கள் ஏன் என்று யோசிக்கவில்லை; என் பிள்ளை போய்விட்டாள், எரிப்பதற்கு விறகு கொண்டுவந்து என்னைக் கேட்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். எப்படிக் கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. மேல்மாடியில் இருக்கும் ஜெர்மன்காரப் பெண் ஓடிவந்து கதவைத் தட்டியிருக்கிறார்.

என் கணவர் போனைப் பறித்துக் காதில் வைத்துக் கேட்டார். "இல்லை, இல்லை, உயிரோடை இருக்கிறாள்! ஆபரேஷன் முடிஞ்சுதாம். கேளும், இஞ்சை பாரும், உயிரோடைதான்!"

பிறகு போதகரின் மனைவி ஆறுதலாக விளக்கினார். பாய்க்குள் இருந்தவர்கள் உயிருள்ள மனிதர்கள், வாகனம் ஓட்டியவனின் குடும்பத்தார். இதற்கு அங்கே இஃபோங்கா என்று பெயர். ஒருவன் பெரிய தீங்கு செய்துவிட்டால், அவனுடைய குடும்பத் தலைவரும் உறவினரும் விடியும் முன் பாதிக்கப்பட்டவர் வீட்டு முற்றத்துக்கு வந்து, தங்களிடம் உள்ள மிகச் சிறந்த பாயால் மூடிக்கொண்டு முழந்தாளிட்டுக் குனிந்திருப்பார்கள். விறகு எதற்கு என்றால், 'எங்களைச் சுட்டுத் தின்பதென்றாலும் உங்கள் விருப்பம்' என்று சொல்லும் பழைய முறை. பாயைத் தாங்களாக எடுக்க மாட்டார்கள். தீங்கு நேர்ந்த வீட்டார்தான் எடுக்க வேண்டும்.

"இந்த வீட்டில் இருக்கும்வரை அவள் எங்கள் மகள். ஆனால் பெற்றவர்கள் நீங்கள் இருக்கிறீர்கள். உங்கள் சொல் இல்லாமல் என் கணவர் பாயைத் தொட மாட்டார்" என்றார்.

மகள் எப்படி என்று கேட்டேன். கால் பரவாயில்லை, ஆனால் இன்னும் கண் விழிக்கவில்லை, விழித்தால்தான் தலைக்காயத்தைப் பற்றி எதுவும் சொல்லலாம் என்று டாக்டர் சொன்னாராம். அந்த வசனத்தை நானே எத்தனையோ குடும்பங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

என் கணவருக்குக் கோபம் வந்தது. "இது என்ன விளையாட்டு? பிள்ளை அங்கை கண் முழிக்காமல் கிடக்குது, இவை பாயைப் போர்த்துக்கொண்டு வந்து இருக்கினம். பொலிஸ் இருக்கு, கோர்ட்டு இருக்கு. அங்கை போய்ச் சொல்லட்டும்."

அதை அவர் ஆங்கிலத்தில் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார். போதகரின் மனைவி கோபிக்கவில்லை. ஓட்டியவன் ஏற்கெனவே பொலிஸில் இருக்கிறான், வழக்கு வழக்காக நடக்கும், பாய் அதைத் தடுக்க வந்ததல்ல என்றார்.

நான் சொன்னேன், "என் மகள் முதலில் கண் விழிக்கட்டும். பிறகு பார்ப்போம்."

"சரி. அது உங்கள் உரிமை. அவர்கள் இருப்பார்கள்."

"எவ்வளவு நேரம்?"

"நீங்கள் சொல்லும்வரை. இன்று சொல்லாவிட்டால் நாளைக்கும் வருவார்கள்."

ஆஸ்பத்திரியில் இருந்த போதகருடன் வேறு போனில் பேசிவிட்டு வருகிறேன் என்று அவர் எங்களுடைய அழைப்பைத் துண்டிக்காமல் போனை அப்படியே திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். திரையில் கூரையின் ஒரு மூலை மட்டும் தெரிந்தது. சத்தம் தெளிவாக வந்தது. சேவல் கூவியது. யாரோ ஒரு குழந்தையை அடக்கினார்கள். பிறகு இருமல்.

அந்த இருமல் எனக்குப் பழக்கமானது. என் வேலையில் தினமும் கேட்பது. மூச்சு உள்ளே போகாமல் இழுபடுகிற, வயது போன பெண்ணின் இருமல். அவர் அதை அடக்கப் பார்த்தார், அடங்கவில்லை. பாய்க்குள் காற்று எவ்வளவு இருக்கும், வெயில் ஏறினால் என்ன ஆகும் என்று என் தலை தானாகக் கணக்குப் போட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த நேரம் என் பிள்ளையைத் தவிர வேறு ஒருவரைப் பற்றியும் யோசிக்க எனக்கு விருப்பம் இல்லை.

போதகரின் மனைவி திரும்பி வந்து, இன்னும் விழிக்கவில்லை, போதகர் வந்துகொண்டிருக்கிறார் என்றார். இருமுவது யார் என்று கேட்டேன்.

"ஓட்டியவனின் தாய். முட்டு வருத்தக்காரி, மூச்சு இழுக்கும். வரவேண்டாம் என்று எல்லோரும் சொன்னோம். நான் பெற்றவன் செய்ததற்கு வேறு யாருடைய தலையைப் பாய்க்குள் வைப்பது என்று கேட்டாள்."

போதகர் வந்து சேரும்வரை இருமல் மட்டும் குசினிக்குள் வந்துகொண்டிருந்தது. கடைசியில் நான், பாயை எடுக்கச் சொல்லப் போகிறேன் என்றேன்.

"பிள்ளைக்கு ஏதும் நடந்தால்?"

"நடந்தால், அப்பவும் அந்த மனிசி அதுக்குள்ள இருமிக்கொண்டுதான் இருக்கும்."

அவர் யன்னல் பக்கம் திரும்பி நின்றார். பிறகு திரும்பாமலே, "எடுக்கச் சொல்லும்" என்றார்.

போதகரின் மனைவி என்னிடம் மன்னித்துவிட்டீர்களா என்று கேட்கவில்லை. எடுக்கலாமா என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். பதற்றத்தில் தமிழில்தான் சொன்னேன். அவருக்கு அது விளங்கியது.

போதகர் குனிந்து ஒவ்வொரு பாயாக எடுத்தார். முதலில் ஒரு பெரியவர், குடும்பத் தலைவர். அடுத்து ஒரு நடுத்தர வயது ஆள். கடைசியில் அந்தத் தாய். வேர்வையில் தலைமயிர் நெற்றியோடு ஒட்டியிருந்தது. நிமிராமல் இருந்தார். போதகரின் மனைவி போனை அவருடைய முகத்துக்குக் கிட்டப் பிடித்தார். நான் ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

"எழும்புங்கோ அக்கா. நிழலுக்குப் போங்கோ. எழும்புங்கோ."

ஒரு சொல்லும் புரியாமல் அவர் என்னைப் பார்த்தார். பிறகு நிலத்தில் கை ஊன்றி எழும்பினார்.

நாங்கள் இடையில் விமானம் மாறக் காத்திருந்தபோது மகள் கண் விழித்த செய்தி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்தத் தாய் அவளுடைய கட்டிலடியில் இருந்து விசிறிக்கொண்டிருந்தார். அவர் எழும்பி எனக்கு இடம் விட்டார். நான் மகளின் மற்றப் பக்கம் போய் இருந்தேன். பிறகு வழக்கு நடந்தது, அந்தத் தாயின் மகனுக்குத் தண்டனையும் கிடைத்தது.

மகள் இப்போது எங்களோடு இருக்கிறாள், காலைச் சற்று இழுத்துத் தாண்டித் தாண்டி நடக்கிறாள், படிக்கிறாள். அவள் சிரிக்கும்போது அந்த வளைவை மறந்துவிட்டாள் போல இருக்கிறது. நான்தான் வெளியில் பஸ் பிரேக் பிடித்தால் இன்றைக்கும் யன்னலுக்கு ஓடுகிறேன். அந்த ஓட்டுநரை மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். ஆனால் என் மனம் மன்னிக்கும் அளவுக்கு ஆறும்வரை இன்னொரு தாயை வெயிலில் முழந்தாளில் இருத்தி வைக்கத் தேவையில்லை என்பது மட்டும் எனக்குத் தெரிகிறது. அது போதுமா என்று இன்னும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.